தீட்டுக்கு மட்டும் பங்காளி

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு வருஷம், ரங்கூனில் மழை பிடித்துக்கொண்ட ஆனி மாதம். பபேடான் பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல், ஒரே நீளக் கூடத்தைப் பலகையால் தடுத்து மூன்று குடித்தனங்கள் இருந்தோம். ஆளுக்கு ஒரு தடுப்பு. அடுப்பங்கரை ஒன்று, குழாய் ஒன்று, மாடிப்படி ஒன்று. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்களைப் போன்றவர்கள் அங்கே அப்படித்தான் குடியிருந்தார்கள். தனி வீடெல்லாம் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு. என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் சின்னக் குமாஸ்தா.

கூடம் முழுவதையும் வாடகைக்குப் பிடித்து எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்த அக்காவைப் பொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். நான் கப்பலிலிருந்து இறங்கிய வாரம் ரசம் வைத்துக் கொடுத்தவள், பர்மா அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று காட்டித் தந்தவள். ஆனால் அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். எனக்கும் ஆவணியில்தான் பிரசவம்.

"தப்பா நெனச்சுக்காதே தங்கச்சி. கல்யாண வீட்டுல பிள்ளைப் பேறு ஆகக் கூடாது. தீட்டு எல்லாரையும் சுத்திக்கும்" என்றாள்.

"பங்காளிக்குத்தானேக்கா தீட்டு? நீங்க வேற, நாங்க வேற."

"ஒரே குழாய், ஒரே அடுப்பு. அப்புறம் என்ன வேற?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு முழம் சொத்தில் பங்கு கிடையாது, கல்யாணச் சாப்பாட்டில்கூடக் கடைசிப் பந்திதான்; தீட்டுக்கு மட்டும் பங்காளியாகிவிட்டோம். இதில் இன்னொரு எரிச்சல், அவள் இடத்தில் என் அம்மா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். போகலாம். பெற்று முடித்த பிறகு பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே திரும்புவது? தீட்டும் என்னோடுதானே வண்டியேறி வரும். "பேசாம ஊருக்குப் போயிடறியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இந்த வயிற்றோடு, இந்த மழையில், கடலில். நான் பார்த்த பார்வையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும், எழுந்தால் எங்காவது போக வேண்டும் போலிருக்கும். அவர் ஆபீஸ் போனதும் நானே இறங்கிவிடுவேன். ஒரு தெருவில் இடம் காலி என்று கேள்விப்பட்டால் டிராமுக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன். முழங்கால் வரை தண்ணீர் நின்றாலும் நடப்பேன். செங்குத்தான மரப்படிகள், மேலே போகப் போக இருட்டு, ஒவ்வொரு மாடியிலும் ஒரு தாளிப்பு வாசனை. கதவைத் திறக்கிற பெண்கள் எந்த ஊர், என்ன ஆட்கள், ஐயா எங்கே வேலை என்று கேட்பார்கள். முகம் மலரும். பிறகு கண் மெல்லக் கீழே இறங்கும்.

"இது எத்தினி மாசம்?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருத்தி, "பெத்துட்டு வாம்மா, தாராளமா இடம் தர்றேன்" என்றாள். எங்கே பெறுவது என்பதை அவளும் சொல்லவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில், "எங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாதும்மா" என்று உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஆனால் ஊரிலிருந்து வந்த உறவுகள் அங்கே கட்டிலுக்கு அடியிலும் படுத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது மழைச் சாரல் அடிக்கிற தாழ்வாரம்தான். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழக்கூட நேரம் இல்லை.

பபேடான் சந்தையில் நான் வெற்றிலை வாங்குகிற பர்மாக்காரி ஒருத்தி இருந்தாள். புருஷனை இழந்தவள். டோடோ என்று கூப்பிடுவேன். அவர்கள் வழக்கத்தில் அத்தை முறை. தமிழ்ப் பெண்களுக்கு விற்று விற்றே தமிழ் பேசக் கற்றிருந்தாள். ஒரு நாள் நடக்க முடியாமல் அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"தினம் தினம் எங்க நடக்குற நீ?" என்றாள்.

சொன்னேன். அவளுக்கு மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், கால் நட்டுக் கட்டிய மரவீடு இருந்தது. பாதி வீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மாசக் கணக்கு எதையும் அவள் கேட்கவில்லை; என் வயிறுதான் எதிரே இருந்ததே.

என் வீட்டுக்காரருக்குத்தான் மனசில்லை. அங்கேயும் அடுப்பங்கரை பொதுதான், அதில் ஙப்பி கொதிக்கும். அந்த மீன் விழுதின் வாடை அவருக்குத் தெருமுனையிலேயே குமட்டும். "அந்த நாத்தத்துல நீ எப்படிச் சோறு திம்பே?" என்றார்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் திங்கறேன். பிள்ளையைப் பிடிச்சு உள்ளேயே வச்சுக்க முடியுமாங்க?"

ஆடி மாதத்தில் குடிபோகக் கூடாது என்று அடுத்ததை எடுத்தார். பெட்டியை நானே படியில் இழுக்கத் தொடங்கியதும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

போன இடத்திலும் மனசு அடங்கவில்லை. ரயில் போகும்போதெல்லாம் வீடு குலுங்கும், நானும் எழுந்துவிடுவேன். பெட்டியிலிருந்து இரண்டு சேலைக்கு மேல் எடுக்கவில்லை. டோடோ சத்தமாக எதையாவது கீழே வைத்தால், இதோ காலி பண்ணச் சொல்லப் போகிறாள் என்று பெட்டியைப் பார்ப்பேன்.

ஆவணியில் ஒரு மத்தியானம் வலி கண்டது. அவர் ஆபீசில் இருந்தார். நான் கூப்பிட்டதும் டோடோ வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தெருப்பக்கம் திரும்பி மருத்துவச்சிக்குக் குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம் வராமல் ஒரு முக்காலியை மூலைத் தூணுக்கு அடியில் இழுத்துப் போட்டாள். அந்தத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய் தொங்கியது. வீட்டைக் காக்கிற நாட் தெய்வம் என்று பர்மாக்காரர்கள் அதைக் கும்பிடுவார்கள்.

"இங்க சாமி இருக்கு. பிள்ளை பெத்தா சாமிக்கு ஆகாது" என்றாள், முக்காலியில் ஏறிக்கொண்டே.

இவர்களுக்கும் தீட்டு உண்டா! வாயைத் திறந்து கெஞ்ச ரோஷம் விடவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, பெட்டியைக் காலால் வாசல் பக்கம் தள்ளினேன். வாத்தியார் வீட்டுத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு தூரம் வலி பொறுக்குமா என்று கணக்குப் போட்டேன்.

டோடோ தேங்காயை அவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ எங்க போற?" என்றாள். "போறது இவரு."

ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தேங்காயை நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனாள்.

"ஆம்பளை சாமி. எங்கயும் தூங்குவாரு" என்று சொல்லிவிட்டு டோடோ என் பாயை விரித்தாள்.