சிவப்பு நூல் கட்டிய கோழி

இல்லை, பார்வைக்கு அந்தக் கோழியிடம் எந்த நோயும் தெரியவில்லை. கொண்டை செக்கச்செவேலென்று இருந்தது. தீனித் தொட்டியில் மற்றவற்றை முட்டித் தள்ளியது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நாமக்கல் பக்கம் பண்ணைகளுக்கு மாதிரி எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக எனக்கு இரண்டாம் ஆண்டு. கோழிகளுக்கு வரும் புற்றுநோய் என் பாடம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லைப் பெருகச் சொல்லும் மரபணு ஒன்று எல்லாக் கோழியிலும் இருக்கிறது. நம்மிலும் இருக்கிறது. வேலை முடிந்தால் அடங்கிவிடும். ஒரு வைரஸ் அதன் பக்கத்தில் போய்க் குடியேறினால் அடங்காது. கோழியின் வாலடியில், நோய் எதிர்ப்புச் செல்கள் வளரும் சிறு பை ஒன்று உண்டு. கட்டி அங்கே தொடங்கி ஈரலுக்குப் போகும். நோயுற்ற கோழியிலும் நல்ல கோழியிலும் மரபணு ஒன்றுதான். அதை எது அடக்குகிறது, எது அவிழ்த்துவிடுகிறது? அதுதான் கேள்வி. ஆகவே இரண்டு வகைக் கோழியும் வேண்டும்.

சேலம் ஜங்ஷனில் விடிகாலை இறங்கினேன். ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பேருந்து நிலையம். அங்கிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர். கட்டணம் ஐந்து ரூபாயும் சில்லறையும். மடியில் தெர்மாகோல் பெட்டி, உள்ளே மாதிரிகளை உறையவைக்க உலர்பனி (டிரை ஐஸ்).

"ஏனுங்க, பொட்டி பொகையுதுங்களே?" என்றார் நடத்துநர்.

"ஐஸுங்க."

"ஐஸு பொகையுமாங்க? வெடிச்சா எனக்கு வேல போயிருமுங்க."

மூடியைத் திறந்து காட்டினேன். கையை நீட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நாமக்கல்லில் இறங்கி, திருச்செங்கோட்டுச் சாலையில் எட்டாவது கிலோமீட்டர். பண்ணைக்காரர் குழந்தைசாமி சைக்கிளோடு நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்தியை விட்டுவிட்டுக் கோழிக்கு வந்தவர். இரண்டு கொட்டகைகள். முதலாவதில் கோழிகள் வெளிறி, வயிறு பருத்து, தினமும் செத்துக்கொண்டிருந்தன.

"ரெண்டாவது கொட்டாய் தங்கமுங்க," என்றார். "அதுல சேவல் உட்டிருக்கறேன். வெள்ளிக்கிழம அந்த முட்டையத்தான் மிசின்ல அடுக்கப் போறேன். குஞ்சு பொரிச்சா மொதக் கொட்டாய் ரொம்பிரும். வெளிய குஞ்சு வாங்க நமக்கு வக்கில்லீங்க."

குஞ்சு பொரிக்கும் இயந்திரம் வாசலில் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முட்டைத் தட்டுகள், அடுக்கடுக்காக.

நல்ல கொட்டகைக்குள் முதலில் போனேன். (முறை அதுதான். நோயுள்ள கொட்டகைக்குப் போன செருப்போடு நல்லதற்குள் போகக் கூடாது.) இருப்பதிலேயே திடமான கோழியைப் பிடித்து, கடைசியில் மாதிரி எடுக்க அடையாளமாகக் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். பிறகு முதல் கொட்டகையின் பின்னால் சாக்கை விரித்து, நான்கு நோய்க் கோழிகளை அறுத்து மாதிரி எடுத்தேன். ஈரல் ஒவ்வொன்றும் வயிறு முழுக்கப் பரந்திருந்தது.

"ஏனுங்க! இங்க வாங்க! ரெண்டு பேரும் வாங்க!"

குழந்தைசாமியின் மனைவி பொன்னாயி அக்காவின் குரல். சமையற்கட்டுப் பின்புறம். இறகு பறித்த கோழி ஒன்று அலுமினியத் தட்டில் பிளந்து கிடந்தது. பக்கத்தில் வெட்டிய கால்கள். ஒன்றில் சிவப்பு நூல்.

"நீங்கதானுங்க கட்டுனீங்க? எங்கூட்ல சாமிக்கு உட்ட கோழிக்கு மஞ்சத்துணி கட்டுவோம். நீங்க செவப்பு கட்டுனீங்களா, விருந்தாளி கொழம்புக்குன்னு குறிச்சு வெச்சாப்ல இருக்குதுன்னு அறுத்துப்போட்டனுங்க."

நான் ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பு தடித்து, மேலெல்லாம் ஜவ்வரிசி தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

நல்ல கொட்டகையிலும் நோய் என்று உறைத்தது. அதற்கும் ஒரு கணம் முன்னால் இன்னொன்று நடந்தது. மகிழ்ந்தேன். வெளியே தெரியாத கட்டி, தொடக்க நிலையில். யாருக்கும் எளிதில் கிடைக்காத மாதிரி. அந்த மகிழ்ச்சிதான் இன்றுவரை என்னை அதிரவைக்கிறது.

"இது ரெண்டாவது கொட்டாய்க் கோழியா?" என்றார் குழந்தைசாமி.

"ஆமாங்க."

"இருந்ததுலயே நல்ல கோழியத்தான புடிச்சீங்க?"

"ஆமாங்க."

அவர் திரும்பி முட்டைத் தட்டுகளைப் பார்த்தார். இந்த வைரஸ் தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். என் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் நானே எழுதிய வரி. அந்த வரியில் இந்தத் தட்டுகள் இருக்கவில்லை.

"ஒத்தக் கோழிய வெச்சுச் சொல்லிரலாமுங்களா?"

"முடியாதுங்க. இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

அவரே போய் ஐந்து பிடித்து வந்தார். எல்லாம் பார்வைக்கு நல்லவை. அறுத்தேன். மூன்றில் அதே ஜவ்வரிசி.

"மருந்து?"

"இல்லீங்க. இந்த முட்டைய அடுக்காதீங்க. அது ஒண்ணுதான்."

"இத்தன படிச்சும் இதுக்கு ஒரு ஊசி இல்லீங்களா?" பொன்னாயி அக்கா கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இல்லீங்கக்கா."

"தின்றவிங்களுக்கு?"

"மனுசருக்கு இது வர்றதில்லீங்க. முட்டைய விக்கலாம்."

பொன்னாயி அக்கா அந்த முதல் கோழியின் ஈரலை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதும் ஓணுமா உங்குளுக்கு?"

வாங்கிக் குப்பியில் போட்டேன். 'நல்ல கோழி' என்று முன்பே எழுதி ஒட்டியிருந்த குப்பி. மதியம் ரசம் சோறு போட்டார்கள்.

போகிறவர்களுக்கு: உலர்பனி ஒன்றரை நாள்தான் தாங்கும், அதற்குள் திரும்பிவிடுங்கள். கோழியின் காலில் எதையாவது கட்டினால் அடுக்களையில் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். வெளித்தோற்றத்தை வைத்து ஒப்பீட்டுக் கோழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போகுமுன், அந்த வீட்டில் அடுத்த வாரம் எது நடக்கவிருக்கிறது என்று கேளுங்கள். நான் எடுக்க வேண்டியதை மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

நான்கு மணிக்கு, பொரிக்க வைத்திருந்த முட்டைகளை வாங்கிப்போக வியாபாரியின் வேன் வந்தது. சேலம் பஸ்ஸைப் பிடிக்க நான் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். தட்டுகளை ஏற்ற ஆள் போதவில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, முதல் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.