அப்பா படத்துக்கு முந்நூறு புள்ளி

அப்பாவுக்குப் படம் எடுத்தால் பிடிக்காது. யாராவது போனைத் தூக்கினாலே மாட்டைப் பார்க்கணும் என்று நழுவிவிடுவார். அவர் இறந்துபோனபின் தேடியதில் உருப்படியாக ஒன்றுதான் கிடைத்தது. ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. கடைசி வரிசையில் நகக்கண் அளவுக்கு அவர் முகம். பெரிதாக்கிப் பார்த்தால் இடது புருவத்தின் மேல் மாடு முட்டிய தழும்பு தெரிந்தது. ஆதார் அட்டையில் இருப்பதை அப்பா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

துபாயில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். மறுநாள் தம்பி போனில் அழுதான்.

"தோள் குடுக்கக்கூட வர முடியல. படத்திறப்புக்குப் படத்தையாச்சும் நான் பண்றேன்க்கா."

பதினாறாம் நாள் வைக்கும் பெரிய படம் அது. அவனிடம் எப்படி முடியாது என்பேன்?

அன்னவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், ஊரார் போட்டோக்களை அளவு மாற்றி விண்ணப்பத்தில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. படத்தை அச்சுப் போடும் ஸ்டுடியோக்காரர் இஞ்சுக்கு முந்நூறு புள்ளி கேட்டார். இந்தப் படம் அதைத் தாங்காது, நூறு வை, பொரிப்பொரியாக இருந்தாலும் அப்பாவாக இருப்பார் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாமே சென்டிமீட்டராம். புள்ளியையும் சென்டிமீட்டருக்கு முந்நூறு என்று, கேட்டதைப் போல் இரண்டரை மடங்காக வைத்துவிட்டான். அப்போதுதான் இன்னும் தெளிவாக வருமாம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளியைப் பார்த்துத் தானாக இட்டு நிரப்பும். சொன்னேன், சண்டையும் போட்டேன்.

"இதையும் செய்ய விடமாட்டியாக்கா?" என்றான்.

சரி, பண்ணு என்று போனை வைத்தேன். கோபம் அவன் மேலா, அவனை அனுப்பாத கம்பெனி மேலா என்று எனக்கே தெரியவில்லை.

காரியத்தன்று ஸ்டுடியோவிலிருந்து படம் வந்தது. புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி மொழுமொழுவென்று ஒரு முகம். தழும்பைக் காணோம். சொந்தக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு என் காதோரம் கேட்டாள்.

"யாருடி இது?"

அதற்குள் தம்பி வீடியோ காலில் வந்துவிட்டான். போனை அம்மாவுக்கு நேரே பிடித்தேன். படம் அப்பா மாதிரி இருக்கிறதா என்று கேட்டான்.

"அப்படியே இருக்காருப்பா," என்றாள் அம்மா.

படத்துக்குப் பொட்டு வைக்கச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். அம்மா விரலால் தொட்டாள். நடு நெற்றியை விட்டுவிட்டு, இடது புருவத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள்.

"ஏம்மா, பொட்டு ஓரமாப் போயிருச்சு?" என்று தம்பி கேட்டான்.

"கை நடுங்கிருச்சுப்பா."