பாஸ்போர்ட்டில் எழுதிய மச்சம்

நாற்பத்தேழு வயதில் எனக்கு அழகு மச்சம் வந்தது. மூக்குக்கும் இடது கண்ணுக்கும் நடுவில், மிளகளவு, கன்னங்கரேலென்று. "இந்த வயசுல யாருக்கு வரும் இந்த யோகம்!" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்? சிங்கப்பூரிலிருக்கும் மகளின் பிரசவத்துக்காக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, அங்க அடையாளமாக அதையே எழுதிக் கொடுத்தேன்.

2000ஆம் ஆண்டு அது. சோப்புத்தூளால் கைவிரல்கள் வெடித்து, பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் கையை விட்டுவிட்டு முகத்தையே பார்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா. மச்சம்தான் டாக்டர்."

"இந்த வயசுல புதுசா வந்தா பாக்கணும்மா."

அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு டெர்மாஸ்கோப்பை (தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கும் விளக்குக் கண்ணாடி) வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, முதலில் கணவரின் கையிலிருந்த மச்சத்தையே அதன் வழியாகக் காட்டினார்.

"வலை மாதிரி தெரியுது."

"அது நல்ல மச்சம். இப்ப இவங்களோடதைப் பாருங்க."

"வலையே இல்லையே... இலை இலையா, நீலமா இருக்கு. குறுக்கால செவப்பா நரம்பு ஓடுது."

அதன்பிறகு அவர் கேலி செய்யவில்லை.

பயாப்ஸியில் (துணுக்கெடுத்துச் சோதிப்பது) அது என்னவென்று தெரிந்தது. பேசல் செல் கார்சினோமா, அதாவது தோலின் அடியடுக்கில் மெல்ல வளரும் புற்றுநோய். நிறமி சேர்ந்ததால் மச்சம்போல வேஷம் போட்டிருக்கிறது.

"பயபடபேடி, பயப்படாதீங்க. உயிருக்கு ஆபத்து வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா விட்டா கண்ணுக்குள்ள போயிடும்," என்றார் டாக்டர்.

"பாஸ்போர்ட்டுல எழுதியாச்சே டாக்டர்! பிரசவம் பாத்துட்டு வந்து எடுத்துக்கறேனே," என்று மல்லுக்கு நின்றேன்.

"பேரக்குழந்தையை ரெண்டு கண்ணாலயும் பாக்க வேண்டாமா?"

மறுவாரமே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். ஐந்து தையல். ஓரங்களில் நோய் இல்லை, முழுதும் வந்துவிட்டது என்று அறிக்கை வந்த அன்று, வழியிலேயே ஆட்டோவை நிறுத்தி மசால்தோசை சாப்பிட்டோம். நான் இரண்டு.

புதிதாகக் கறுப்பாக எது வந்தாலும், வளர்ந்தாலும், தயவுசெய்து காட்டிவிடுங்கள். அழகு என்று மயங்காதீர்கள், நான் மயங்கினேன். இப்போது மாதம் ஒருமுறை, காலை வெயிலில் நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

அன்று சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மச்செ எல்லி மேடம்?"

மச்சம் எங்கே என்கிறார். "எடுத்துட்டேன் சார், கேன்சர்!" என்று கன்னடத்தில் உரக்கச் சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் சீட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

நான் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் பேத்தி பிறந்தாள். கையில் வாங்கியதும் வலது கண்ணை மூடிக்கொண்டேன். முதலில், தப்பிப் பிழைத்த இடது கண்ணால் மட்டும் அவளைப் பார்த்தேன்.