பக்கவாசல் கொட்டாங்கச்சி

வெளிநார் போகக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கிய அரைக் கொட்டாங்கச்சி அது. எங்கள் ஊர்க் கோயிலின் இடப்பக்கத்துச் சின்ன வாசலில், நிலையை ஒட்டிய சுவர்ப் பொந்தில் இருக்கும். அதற்குள் தீர்த்தம் இருக்க வேண்டும். உள்ளே நுழைகிறவர்கள் அதில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அப்படித்தான் விரலை விட்டேன். விரல் நனைந்த விதமே சரியில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் சிவப்பாக, கொழகொழவென்று வெற்றிலை எச்சில். அந்தப் பக்கமாகத் திரும்பி, புதுப்புடவையோடு, கோயில் சுவரோரமாகவே வாந்தி எடுத்தேன். என் கிறிஸ்தவ வாழ்க்கை தொடங்கிய லட்சணம் இதுதான்.

நான் ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். "வேதத்துக்குப் போனா சாதி சர்டிபிகேட்டும் போயிடும்டி, ரெண்டுங்கெட்டான் ஆயிடுவ" என்று அப்பா சொல்லித்தான் அனுப்பினார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் என் மாமியார். ஒல்லியான, கறுத்த, வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கிற மனுஷி. பக்தி என்றதும் மனசில் வருகிற அடக்கமெல்லாம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனார். வெறும் விரலால் தேய்த்தார். சாம்பல் போட்டு இன்னொரு தரம் தேய்த்தார். மடியிலிருந்த புட்டியிலிருந்து நாலு சொட்டு தீர்த்தம் விட்டு, மிச்சத்துக்குப் பம்புத் தண்ணீரை ஊற்றிப் பொந்தில் வைத்தார். "வாய கழுவிக்கினு வா. இதுக்கே கொமட்டிக்கினு நின்னா எப்பிடி? பூச வெச்சிட்டாங்க" என்றார். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

ஏன் அந்தக் கொட்டாங்கச்சி என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் ஊரும் வேதம், காலனியும் வேதம், எல்லாருமே கிறிஸ்தவர்கள். ஒரே சாமி, ஒரே பூசை. ஆனால் ஊர்க்காரர்கள் பெரிய வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் உட்காருவார்கள். காலனிக்காரர்கள் பக்கவாசல் வழியாக வந்து இடது இறக்கையில் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பீடம் தெரியாது, ஒரு தூண்தான் தெரியும். பெரிய வாசலில் கல்லில் குடைந்த தீர்த்தத் தொட்டி உண்டு. பக்கவாசலில் ஒன்றுமில்லை. நாங்கள் அந்தப் பெரிய தொட்டியில் கைவைக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கிற அளவுக்கு அவர்கள் முட்டாள்கள் இல்லை. மாமியார் ஒவ்வொரு பங்குச் சாமியாரிடமும் போய், "சாமி, எங்க வாசலுக்கும் ஒரு தொட்டி வெச்சுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். எல்லாச் சாமியார்களும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொறுமையா இரும்மா, காலம் மாறும். காலம் மாறுகிற வரைக்கும் காத்திருக்க மாமியாருக்குப் பொறுமை இல்லை. கொட்டாங்கச்சியைக் கொண்டு வந்து வைத்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அண்டாவில் மந்திரித்துக் கொடுக்கிற தீர்த்தத்தைப் புட்டியில் பிடித்து வந்து, வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கலந்தே ஓட்டினார்.

எச்சில் யாருடையது என்பது ஊரறிந்த ரகசியம். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஊரில் பெரிய குடும்பத்துக்காரர். சாவிக்கொத்தும் அவர் இடுப்பில்தான் இருக்கும். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவர் பாடினால் கல்லும் கரையும் என்பார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெற்றிலையை அதக்கிக்கொள்வார். அடுத்த பாட்டு நெருங்கும்போது எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவார். ஆர்மோனியத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற வாசல் எங்கள் பக்கவாசல். அங்கே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொட்டாங்கச்சி. எங்கள் மேல் உள்ள வெறுப்பில் துப்புகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெறுப்பாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது வெறுப்பே இல்லை, வசதி. துப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது, நாங்கள் வைத்திருந்தோம்.

நான் கல்யாணமாகி வந்த அந்த வருஷம்தான் ஊர்க்காரர்கள் தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தார்கள். சாலையோரப் புளியமரங்களை அறுத்து ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள். சங்கராபுரத்துக்கும் போக முடியாது, கள்ளக்குறிச்சிக்கும் போக முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்த சாமியார் அங்கேயே மாட்டிக்கொண்டார். லாரிக்குப் போயிருந்த என் கணவர் சேலத்திலேயே நின்றுவிட்டார். அவர்கள் கேட்டது அரசாங்கத்திடம். கேட்டது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்துக்கும் எங்கள் கீற்றுக் கூரைக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஆட்கள் யாரோ விழுந்த மரத்தின் கிளையை விறகுக்கு வெட்டினார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பட்டப்பகலில் காலனி பற்றிக்கொண்டது. கொளுத்த வந்தவர்களில் பாதிப் பேர் கழுத்தில் ஜெபமாலை போட்டவர்கள்.

பெண்களும் பிள்ளைகளுமாகக் கோயிலுக்குத்தான் ஓடினோம். கல்கட்டடம், ஓட்டுக்கூரை, நெருப்பு பிடிக்காது. பெரிய வாசல் பூட்டியிருந்தது. பக்கவாசலும் உள்ளே தாழிட்டிருந்தது. ஆர்மோனியக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். மாமியார் மூச்சிரைக்க, "கதவ தொறங்க, கொழந்தைங்க இருக்குது" என்றார். "சாவி சாமியாரு கிட்ட இருக்குது. இன்னா கும்பலா வந்துக்கினு? போ, போ, கோயிலுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது" என்றார் அவர். சொல்லும்போது இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த இனிமையான குரலிலேயே இதையும் சொன்னார்.

கரும்புக் கொல்லைகளுக்குள் புகுந்து, வடக்கனந்தலைத் தாண்டிக் கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மலைக்காரர் வீட்டில், யார் எவர் என்றுகூடக் கேட்காமல், "உள்ள வாங்க, தூறல் போடுது" என்று கூப்பிட்டார்கள். சாமைக் கஞ்சி ஊற்றினார்கள். அவர்களுக்கு வேதமும் தெரியாது, பூசையும் தெரியாது. பூட்டும் இல்லை அந்த வீட்டுக்கு. சாப்பிட்ட பிறகு மாமியார் மடியிலிருந்து புட்டியை எடுத்தார். வீடு எரியும்போது மாடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டு ஓடிவந்த ஒரே சாமான் அதுதான். பயந்து போயிருந்த பிள்ளைகளுக்கு நெற்றியில் தீர்த்தம் வைக்கலாம் என்று மூடியைத் திறந்தார். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. அவசரத்தில் விளக்குக்கு வைத்திருந்த புட்டியை எடுத்து வந்திருக்கிறார். தீர்த்தம் வீட்டோடு எரிந்து போயிருந்தது. மாமியார் புட்டியை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தார். "அவனுங்க எதால கொளுத்தனானுங்களோ அதையே நான் காப்பாத்திக் கொண்டாந்திருக்கறேன் பாரேன்" என்று சிரித்தார். அந்த வீட்டுக்காரம்மாவிடம் விளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "அத்தை, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன். பழையபடி பொட்டு வெச்சிக்கினு நிம்மதியா இருக்கறேன். எச்சி துப்பறவன் பாடறான், கொளுத்தறவன் ஜெபமால போட்டுக்கினு இருக்கறான். இந்த நாத்தம் புடிச்ச எடத்துக்கு நீங்களும் போகாதீங்க" என்றேன். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். இனி அந்தக் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று காலனிப் பெரியவர்கள் அங்கேயே முடிவு கட்டினார்கள். மாமியார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னார். "நாறுதுதான். எனக்கு மட்டும் மூக்கு இல்லியா? மாட்டுக் கொட்டாயில பொறந்தவருடி அவரு. நாத்தத்துக்குப் பயந்திருந்தா அவரு பொறந்திருக்கவே மாட்டாரு. அவனுங்களுக்கு பயந்துக்கினு எங்க ஆண்டவர நான் அவனுங்க கையில வுட்டுட்டு வரணுமா? நீ போறதுன்னா போ. ஞாயித்துக்கெழம நான் கோயிலுக்குப் போவேன்."

மரங்களை அப்புறப்படுத்திப் போலீஸ் வந்த பிறகு ஊர் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை காலனியிலிருந்து அவர் ஒருத்தர்தான் கிளம்பினார். அடித்துவிடுவார்களோ என்கிற பயத்தில் நானும் பின்னால் போனேன். பக்திக்காகப் போகவில்லை. பக்கவாசல் பொந்தில் பழைய கொட்டாங்கச்சி இல்லை, யாரோ எறிந்திருந்தார்கள். மலைக்கார வீட்டில் வாங்கி வந்த இன்னொரு கொட்டாங்கச்சியை மாமியார் வைத்தார். அடிவாரத்துச் சுனையில் பிடித்து வந்த தண்ணீரை ஊற்றினார். "மந்திரிக்காத தண்ணி அத்தை" என்றேன். "மழ பேயறப்ப யாரு மந்திரிக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சாமியார் திரும்பி வந்திருந்தார். மன்னிப்பைப் பற்றி அழகாகப் பிரசங்கம் வைத்தார். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எரிந்த வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெறிச்சென்று கிடந்த இடது இறக்கையில் நாங்கள் இரண்டு பேர், எதிரே தூண். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னார். நடுக்கூடத்தில் எல்லாரும் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்கள். மாமியார் எழுந்தார். தூணைத் தாண்டி நடுக்கூடத்துக்குள் நடந்தார். எங்கள் ஆட்கள் யாருமே கால்வைக்காத இடம் அது. நேராக ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் நின்று கைகூப்பி, "சமாதானம்" என்றார்.

ஆர்மோனியக்காரர் அப்போதுதான் துப்புவதற்கு எழுந்திருந்தார். வாய் நிறைய எச்சில். பக்கவாசலுக்குப் போகிற வழியில் மாமியார் நிற்கிறார். வாயைத் திறந்து பதில் சொல்லவும் முடியாது, விலக்கித் தள்ளவும் முடியாது, கோயிலே பார்க்கிறது. மாமியார் கூப்பிய கையை இறக்கவில்லை. "சமாதானங்க" என்றார் மறுபடியும், மரியாதையாக. அந்த மனுஷன் கண் பிதுங்க முழுங்கினார். முழுசையும் முழுங்கினார். சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் தொண்டையில் இறங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இருமினார், கண்ணில் நீர் வந்தது, கடைவாயில் சிவப்பாக ஒழுகியது. அடுத்து வருகிற, 'உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே' என்கிற பாட்டை எடுத்துக்கொடுக்க ஆளில்லை. அப்போது நடுக்கூடத்தில் நின்றபடியே என் மாமியார் அந்தக் கட்டைத் தொண்டையில் பாட்டை எடுத்தார். சுருதியும் இல்லை, ஒன்றும் இல்லை. சில சின்னப் பிள்ளைகள் கூடப் பாடின. பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிந்ததும் அவர் வந்து தூணுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பூசை முடிகிற வரைக்கும் என் முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாங்கச்சியில் மறுபடி எச்சில் இருந்தது. மாமியார் எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். சாகிற வருஷம் வரைக்கும் போனார். கோபித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், அந்த மனுஷியைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்பதுதான் முதல் காரணம். விசுவாசம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. வந்த பிறகும் அருவருப்பு போகவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கின்றன.

இப்போது வெளியூரில் இருக்கிற நான் போன பாஸ்காவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது இறக்கை இல்லை, தூண் இல்லை. ஆனாலும் காலனிக்காரர்கள் இடது பக்கத்துக் கதவு வழியாகவே வந்து இடது பக்கமாகவே உட்காருகிறார்கள். அந்தக் கதவோரத்தில் பளபளவென்று ஒரு பளிங்குத் தொட்டி. அதன் மேல் ஆர்மோனியக்காரரின் பெயரை வெட்டி, அன்னாரின் நினைவாக, குடும்பத்தார் உபயம் என்று போட்டிருந்தது. சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பாக்குப் பொட்டலக் காகிதமும், காய்ந்த எச்சில் கறையும் கிடந்தன.

முந்தானையை ஈரமாக்கித் தேய்த்தேன். பளிங்கில் கறை லேசில் போகாது, நகத்தால் சுரண்டினேன். கைப்பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து ஊற்றினேன். பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "ஆன்ட்டி, அது சாதாத் தண்ணி. சாமி மந்திரிச்சாதான் ஊத்தணும்" என்றாள். "மழ பேயறப்ப யாரும்மா மந்திரிக்கறாங்க?" என்றேன். குமட்டல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கறையைச் சுரண்டிய அதே விரலை உள்ளே விட்டு நனைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பூசை வைத்துவிட்டிருந்தார்கள்.