கறுப்புச் சோப்பும் லார்ட்டே இறக்கமும்

சமதரையில் ஒழுங்காக நிற்கிற வண்டி மலை இறங்கும்போது மட்டும் ஏன் நிற்க மறுக்கிறது? ஒரு சனிக்கிழமை காலை, மலைமேல் இருக்கிற எங்கள் ஊரான லார்ட்டேயின் வண்டி நிலையத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது அங்கே நின்ற யாருக்கும் விடை தெரியவில்லை. இதை எழுதுகிற எனக்கும் அன்று தெரியாது. அசபேயாவுக்குத் தெரிந்திருந்தது.

அசபேயா பிரேக் வேலை மட்டும் பார்க்கிற ஃபிட்டர். வயது முப்பத்து நான்கு. தையல் பழக என்று கொஃபோரிதுவா நகரத்துக்கு அனுப்பிய வீட்டாரிடம் சொல்லாமல் ஒரு பட்டறையில் சேர்ந்தவள். அங்கே ஆண்கள் எல்லோரும் எஞ்சினைச் சுற்றியே நின்றார்கள். சக்கரத்தைக் கழற்றிக் கரித்தூளில் கையை விடுகிற வேலை யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. அதை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், எஞ்சின் ஓடாவிட்டால் நடந்தாவது வீடு போய்ச் சேரலாம் என்பாள். அதற்கு மேல் விளக்க மாட்டாள்.

ஊர் திரும்பியதும் அவள் தனியாகப் பட்டறை போடவில்லை. நிலையத்தின் வேப்பமரத்தடியில் ஒரு தகரப் பெட்டியையும் இரண்டு ஜாக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காரணம் இருந்தது. எங்கள் நிலையத்தில் வண்டிகள் முறைப்படிதான் ஆள் ஏற்றும். வரிசையை விட்டு வெளியே போன வண்டி திரும்பி வந்தால் கடைசியில்தான் நிற்க வேண்டும். சந்தை நாளில் கடைசிக்குப் போனால் ஒரு நடை போச்சு. அதனால் பிரேக் பட்டை தேய்ந்து கீச்சிட்டாலும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டுநர்கள் தள்ளிப்போடுவார்கள். அசபேயா அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களுடைய வரிசைக்கே போனாள். வண்டி ஏழாவது இடத்தில் நிற்கும்போது அடியில் புகுந்தால், மூன்றாவது இடத்துக்கு நகர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை முதல் இடத்தில் நின்றது ஒஃபெய் ஓட்டுகிற வேன். பின்கண்ணாடியில் ‘யாருக்குத் தெரியும்?’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதில் தேவாலயப் பாடகர் குழுவின் பதினான்கு பேர், கறுப்பும் சிவப்புமாகத் துக்க உடையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மலையடியில் தொதோவாவில் ஒரு அடக்கம். அங்கே இவர்கள் பாட வேண்டும். ஒஃபெய் வண்டியை ஒரு முழம் முன்னே நகர்த்தி நிறுத்தினார். அவ்வளவுதான். அசபேயா தின்றுகொண்டிருந்த கெங்கி என்ற சோளமாவு உருண்டையை இலையோடு கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“மாஸ்டர், இப்ப ரெண்டு தடவ மிதிச்சீங்க.”

“ரெண்டாவதுல பிடிக்குதுல்ல?” என்றார் ஒஃபெய். “உன் வீட்டுக்காரனும் ரெண்டு தடவ கூப்பிட்டாத்தானே வர்றான், சிஸ்டர்.”

“அவன் வரலன்னா யாரும் சாக மாட்டாங்க, மாஸ்டர்.”

வண்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒஃபெய் சிரிக்கவில்லை. இரண்டாவதாக நின்ற வண்டியின் ஓட்டுநர் அதற்குள் இறங்கி வந்து, சந்தேகமிருந்தால் எல்லோரும் தன் வண்டிக்கு மாறிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். நிலையத் தலைவர் பெகோயே குறுக்கே வந்தார். ஏறி உட்கார்ந்த ஆளை வெறும் சந்தேகத்துக்காக இறக்குகிற வழக்கம் இங்கே இல்லை, குறை இருந்தால் கண்ணுக்குக் காட்டு என்று அசபேயாவிடம் சொன்னார்.

அவள் பேனட்டைத் தூக்கி, பிரேக் எண்ணெய்ச் சிமிழின் மூடியைத் திருகினாள். உள்ளே கறுத்த திரவம். பழைய எண்ணெய் கறுப்பாகத்தானே இருக்கும் என்றார் பெகோயே. அவள் விரல் நுனியைத் தோய்த்து முகர்ந்தாள். பிறகு பக்கத்தில் கஞ்சி விற்கிறவளிடம் ஒரு கை தண்ணீர் வாங்கி, இரண்டு விரல்களையும் சேர்த்துத் தேய்த்தாள். நுரை வந்தது. முழங்கைவரை வழிகிற அளவுக்கு நல்ல நுரை.

பாடகர் குழுத் தலைவி கோரந்தேமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். “டிரைவரே, நாங்க அடக்கத்துக்குப் போறமா, குளிக்கப் போறமா?”

ஒஃபெய் மறைக்கவில்லை. வியாழக்கிழமை வழியில் எண்ணெய் கசிந்து தீர்ந்துபோயிருக்கிறது. பக்கத்தில் கடை இல்லை. மனைவி குளிக்க வைத்திருந்த கறுப்புச் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும், அதுவும் வழுக்கும், இதுவும் வழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். ஊற்றினார். பிரேக் பிடித்தது. நேற்று முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டினார், அப்போதும் பிடித்தது. அப்புறம் மலையில் மட்டும் ஏன் பிடிக்காமல் போகும் என்று உண்மையாகவே கேட்டார். கேலி இல்லை அந்தக் கேள்வியில். பெகோயேயும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தார் போல, தலையை ஆட்டினார்.

அசபேயா கஞ்சிப் பானையைக் காட்டினாள். அதன் மூடி ஆவியில் குதித்துக்கொண்டிருந்தது.

“ஊருக்குள்ள எப்பவாவது ஒரு மிதி, சக்கரம் அவ்வளவா சுடாது. இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே போவீங்க, சக்கரம் நெருப்பாயிடும். நல்ல எண்ணெய் அந்தச் சூட்டத் தாங்கும். தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். ஆவிய மிதிச்சா தலகாணி மாதிரி அமுங்கும், மாஸ்டர். உங்க கால் தரைக்குப் போகும். சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது.”

கீழே அந்த இறக்கம் எப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒஃபெய் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி இரண்டாவது வண்டியைப் பார்த்தார். ஆட்கள் மாறினால் அவருடைய முறை போய்விடும். அதற்குப் பயந்துதான் மனிதர் சோப்பு நுரையோடு மலை இறங்கக்கூடத் துணிந்திருந்தார் என்பதை அசபேயா புரிந்துகொண்டாள். எங்கள் நிலையத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. இருக்கையில் பை இருந்தால் ஆள் இருப்பதாகவே கணக்கு. பையை எடுக்கச் சொல்ல நிலையத் தலைவருக்கே உரிமை கிடையாது.

“பை இருக்கட்டும். ஆள் மட்டும் இறங்குங்க. ஒன்றரை மணி நேரம் குடுங்க” என்றாள் அசபேயா.

கோரந்தேமா சற்று யோசித்துவிட்டு, இறந்துபோன பெரியவர் எப்போதும் எதற்கும் அவசரப்பட்டவர் இல்லை என்று சொல்லி முதலில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பதினான்கு பைகள் பதினான்கு இருக்கைகளில் உட்கார்ந்திருந்தன. பெகோயே எண்ணிப் பார்த்துவிட்டு, வண்டி நிரம்பியிருக்கிறது என்று அறிவித்தார். இரண்டாவது வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஆட்களைக் கூவ ஆரம்பித்தார்.

கசிவு பின் இடது சக்கரத்தில் இருந்தது. உள்ளே ரப்பர் கிழிந்து பட்டையெல்லாம் நனைந்திருந்தது. ரப்பரையும் பட்டைகளையும் மாற்றினாள். பிறகு சோப்புத் தண்ணீரை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, சிமிழுக்கு மிகத் தூரத்தில் இருந்த சக்கரத்திலிருந்து ஆரம்பித்துக் குழாய்களுக்குள் புகுந்திருந்த காற்றை வெளியே எடுத்தாள். அதற்கு ஒஃபெய் உள்ளே இருந்து அவள் சொல்கிறபடி மிதிக்க வேண்டும், பிடிக்க வேண்டும், விட வேண்டும். அவர் பதற்றத்தில் முன்னே பின்னே விட்டார். இரண்டு முறை காற்று திரும்ப உள்ளே போனது. கோரந்தேமாவுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுநர் ஜன்னலருகே போய் நின்று, பாட்டுக்குத் தாளம் காட்டுகிற கையை உயர்த்தினாள். கை இறங்கினால் மிதி, நின்றால் பிடி, ஏறினால் விடு. அதன் பிறகு ஒரு பிசகும் இல்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியே வந்ததை அசபேயா தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நுரை அடங்கும்வரை விடவில்லை.

அவளும் கூடவே ஏறினாள். தான் தொட்ட பிரேக்கோடு முதல் முறை இறங்கும் வண்டியில் அவள் இருப்பாள். அது அவளுடைய பழக்கம். இறக்கம் தொடங்குமுன் சமதரையில் மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். பிறகு மிதியை அழுத்திப் பிடித்தபடி முப்பது எண்ணச் சொன்னாள். கால் கீழே நழுவவில்லை. இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக் மேலேயே காலை வைத்திருக்காதீர்கள் என்றாள்.

நான்காவது வளைவில் சாலையில் இலைக்கொத்துகள் கிடந்தன. முன்னால் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். வளைந்ததும், கரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சக்கரம் கழற்றிய நிலையில் பாதிச் சாலையை அடைத்து நின்றது. எதிரே மேலேறி வரும் பேருந்து மீதியை அடைத்திருந்தது. ஒஃபெய் ஒரே ஒரு தடவை மிதித்தார்.

வேன் நின்றது. லாரிக்கும் அதற்கும் நடுவே இன்னொரு வேனை நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

பேருந்து கடந்து போகும்வரை ஒஃபெய் காலை எடுக்கவில்லை. பிறகு, திரும்பிப் பார்க்காமலே, “சிஸ்டர், நேத்து இந்த நடை எனக்குக் கிடைச்சிருந்தா?” என்றார்.

“கிடைக்கல, மாஸ்டர்” என்றாள் அசபேயா. “புதன்கிழமை வாங்க. சோப்பு பட்ட ரப்பர் எதையும் நம்ப முடியாது, குழாய்க்குள்ளயும் துரு ஏறும். முழு நாள் வேணும்.”

அடக்கத்துக்கு அரை மணி தாமதமாகப் போனார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்று அந்த வீட்டார் சொன்னார்கள். புதன்கிழமை, சந்தை நாள் என்றும் பாராமல், ஒஃபெய் வரிசையில் நிற்காமல் நேரே வேப்பமரத்தடிக்கு வண்டியை ஓட்டி வந்தார்.

சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அதனால் இதைப் படித்தவர்கள் தெரிந்த ஒரு ஓட்டுநருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.