சரிவில் அளந்த டீசல்

டீசல் விலை ஏற ஏற, என் லாரியின் டேங்கில் தினமும் மூங்கில் குச்சியை விட்டு அளக்க ஆரம்பித்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். குச்சியில் லிட்டர் கோடுகளை நானே போட்டிருந்தேன்.

எம். புதுப்பட்டியில் பட்டாசு லோடு ஏற்றும்போது அளந்தேன். இருபது லிட்டர் குறைந்தது. டிரைவரை எப்போதும் மாரியண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

“ஏலே, எங்கன வித்தே?”

“விக்கல தாயி. வண்டி சரிவுல நிக்குது, அதான்...”

“டீசல் விக்கிற விலைக்கு மாரி அண்ணாச்சியே குடிச்சிருப்பாரு!” என்று ஒரு லோடுமேன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் குச்சியாலேயே மாரியண்ணன் முகத்தில் அடித்தேன். மூன்றாவது அடியில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே வண்டியைச் சமதரைக்கு ஓட்டி வந்தார்.

“இப்ப அளங்க.”

குறைந்ததாகக் காட்டிய இருபது லிட்டரும் டேங்கில் இருந்தது. சரிவில் டேங்கின் வாய்ப்பக்கம் உயர்ந்து நின்றதால் குச்சி குறைத்துக் காட்டியிருக்கிறது. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

லோடுமேன்கள் போன பிறகு, கேபினுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

“அம்புட்டுப் பேரு முன்னால அடிச்சீக. இத மட்டும் ரகசியமா சொல்றீகளே தாயி” என்றவர், சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை.

அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். மாரியண்ணன் திருடவில்லை.