சூரைச் செடியைச் சுற்றி மணல்

எழுபதுகளில், துறைமுக ஆபீசில் டைப் அடித்துவிட்டு மில்லர்புரம் வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்க முடியாது எனக்கு. முற்றத்தில் சூரையும் மிளகுதக்காளியும் தன்பாட்டுக்கு வளர்ந்து கிடந்தன. கிறிஸ்மஸுக்கு எங்களவர்கள் முற்றத்தைச் செதுக்கிப் புதுமணல் விரிப்பார்கள். ஒரு புல் நிற்கக் கூடாது. அதற்கென்றே ஒரு வருடம் என் வீட்டுக்காரரின் அக்கா நாசரேத்திலிருந்து வந்துவிட்டார்.

"ஏளா, இது வீடா, காடா? மணல் விரிக்காண்டாமா?"

"நீங்களே வெட்டுங்க மைனி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

எழுந்து போய்ப் பார்த்தால், அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, முள் கீறிய கையால் சூரைப்பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்தார். காலடியெல்லாம் கொட்டை. அந்த வருடம் மணலைச் செடிகளைச் சுற்றித்தான் விரித்தோம்.

ஊருக்குப் புறப்படும்போது, "அடுத்த வருசமும் வெட்டிராத, என்னா?" என்றார்.

வெட்டத் தெம்பிருந்தால்தானே!